ஏலத்தில் விடுபட்ட ஆஃப் ஸ்பின்னருக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் உன்னை எந்த அணியும் எடுக்கவில்லை. "இத்தனை வருசம் ஆடி என்னக்கா பயன்? பேசாம பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். பரீட்சைக்குப் படி, நல்ல யோசனைதான். ஆனால் பந்தைக் கீழே வைக்காதே. மாநில அணியின் பெஞ்சில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உனக்கான பதிலை எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார். லீக்கில் 5 அணிகள். ஓர் அணியில் அதிகபட்சம் 18 பேர், அதில் 6 பேர் வெளிநாட்டவர். ஆக இந்தியப் பெண்களுக்கு மொத்தம் அறுபது இடங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மாநில சீனியர் அணிகள் இருக்கிற நாட்டில், அந்த அறுபதிலும் சில ஏலத்துக்கு முன்பே நிரம்பியிருக்கும். உன்னை எடுக்கவில்லை என்பதற்கு உனக்கு ஆடத் தெரியவில்லை என்று அர்த்தம் கிடையாது. இந்த வருடம் அவர்களுக்கு வேண்டிய ஆள் வேறு, அவ்வளவுதான்.

ஸ்னே ராணாவின் கதையை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டேராடூன் பெண், உன்னைப் போலவே ஆஃப் ஸ்பின். 2014இல் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். முழங்காலில் அடிபட்டு, 2016க்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் இந்திய அணியில் அவர் பெயரே இல்லை. அந்த ஐந்து ஆண்டும் உள்ளூர்ப் போட்டிகளில் பந்து வீசிக்கொண்டே இருந்தார். 2021 ஜூனில் பிரிஸ்டலில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டுக்கு அழைப்பு வந்தபோது, அவருடைய தந்தை இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த டெஸ்டில் 4 விக்கெட் எடுத்தார். ஃபாலோ ஆன் பெற்றுத் தோல்வியின் விளிம்பில் இருந்த அணியை, ஆட்டமிழக்காமல் 80 ரன் அடித்து டிராவுக்குக் கொண்டுவந்தார்.

அதோடு அவருக்கு எல்லாம் நேராகிவிடவில்லை. 2024 டிசம்பரில் நடந்த லீக் ஏலத்தில் அவரையும் யாரும் எடுக்கவில்லை. பிறகு ஷ்ரேயங்கா பாட்டீல் காயத்தால் விலகியதும், மாற்று ஆளாகப் பெங்களூரு அணி கூப்பிட்டது. சில வாரங்களில் இலங்கையில் நடந்த முத்தரப்புத் தொடரில் 15 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகி ஆனார். 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார்.

இன்னொருத்திக்குக் காயம் ஏற்படுவது ஸ்னே ராணாவின் கையில் இருந்ததா? இல்லை. ஆனால் தொலைபேசி அடித்த நாளில் உடம்பு தயாராக இருந்ததும், கைவிரல்களில் பந்து பழகியிருந்ததும் அவருடைய சம்பாத்தியம். இந்தத் தொழிலில் எது உன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். உன் கையில் இருப்பதில் மட்டும் உன் நாளைச் செலவிடு. நான் சொல்ல வந்தது முழுவதும் இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

அந்த உலகக் கோப்பையே இதற்கு நல்ல பாடம். இறுதிப் போட்டியில் 87 ரன்னும் 2 விக்கெட்டும் எடுத்த ஷஃபாலி வர்மா, முதலில் அறிவித்த அணியில் இல்லவே இல்லை. பிரதிகா ராவலுக்குக் காலில் அடிபட்டதால் அரையிறுதிக்கு முன்பு அவசரமாக அழைக்கப்பட்டவர். அதுவரை ரன் குவித்த பிரதிகா, கோப்பை கைக்கு வந்த நேரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். ஜெமிமா ரோட்ரிக்ஸை இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் வெளியே உட்காரவைத்தார்கள். அவர்தான் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338 ரன்னைத் துரத்தி, கடைசிவரை நின்று 127 அடித்தார். விடுபடுவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் நடக்கும். அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவள் இரண்டு சீசனில் களைத்துப்போவாள்.

இனி உன் பந்துக்கு வருவோம். நம் பந்தின் எடை 140 முதல் 151 கிராம். ஆண்கள் ஆடும் பந்து 156 கிராமுக்குக் கிட்டத்தட்டத் தொடங்கி 163 வரை போகும். அகாடமியில் பையன்களோடு நெட்ஸ் போடும்போது நீ பெரும்பாலும் கனமான பந்தைத்தான் வீசுகிறாய். பையன்களுக்கு வீசுவது நல்ல பயிற்சி, விடாதே. ஆனால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தாவது உன் பந்தை மட்டும் வீசு. விரலில் பிடிப்பும், பந்து இறங்கும் இடமும் மாறுவது உனக்கே தெரியும்.

நமக்கு எல்லைக்கோடு 55 முதல் 64 மீட்டருக்குள் இருக்கும். ஒரு காலத்தில் மெதுவாகத் தூக்கிப் போட்டால் லாங் ஆனில் கேட்ச் வரும் என்று நம்பியிருக்கலாம். இன்று ரிச்சா கோஷைப் போன்றவர்கள் நின்ற இடத்திலிருந்தே அதைத் தாண்டி அடிக்கிறார்கள். பந்தைத் திருப்பினால் மட்டும் போதாது. ஒரே கை அசைவில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிய வேண்டும். தீப்தி சர்மாவின் ஓவர்களைத் திரும்பத் திரும்பப் பார். உலகக் கோப்பை இறுதியில் எதிரணியின் லாரா வோல்வார்ட் 101 ரன்னோடு நின்று ஆட்டத்தை நம்மிடமிருந்து பறித்துவிடுவார் போலிருந்தபோது, தூக்கி அடிக்கவைத்து அமன்ஜோத் கையில் கேட்சாக்கியது தீப்தியின் பந்து. அன்று அவர் 39 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். தொடரில் 22 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகியும் ஆனார்.

பேட்டிங்கைத் தள்ளிப்போடாதே. அதே இறுதியில் தீப்தி அடித்தது 58 ரன். பிரிஸ்டலில் ஸ்னே ராணாவை நாடே பேசியது அவர் பேட்டிங்குக்காக. எட்டாவது இடத்தில் இறங்கி இருபது பந்தில் இருபத்தைந்து அடிக்கத் தெரிந்த ஆஃப் ஸ்பின்னரை எந்தத் தேர்வாளரும் சுலபத்தில் விடமாட்டார். நெட்ஸில் உன் முறை கடைசியில், வெளிச்சம் போன பிறகு வருகிறது என்று குறைப்பட்டாய். பயிற்சியாளரிடம் வாயைத் திறந்து கேள். கேட்காத பெண்ணுக்குத் தானாக முறை கொடுக்கும் நெட்ஸை நான் பார்த்ததில்லை.

அடுத்தது உடம்பு. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். லிகமென்ட் கிழிவது விளையாட்டு ஆடும் பெண்களிடம் ஆண்களைவிட அதிகம். ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும்தான் பெரும்பாலும் கிழியும். அறுவை சிகிச்சை என்றால் ஏறத்தாழ ஒரு சீசன் போய்விடும். இடுப்புக்கும் தொடையின் பின்பக்கத் தசைக்கும் பலம் ஏற்றும் பயிற்சியையும், சரியாகக் குதித்து இறங்கும் பயிற்சியையும் வாரந்தோறும் செய்தால் அந்த ஆபத்து குறையும். சலிப்பான பயிற்சிதான். கைதட்ட ஆள் இருக்காது. ஆனாலும் செய்.

மாதவிடாய் நாட்களை ஒரு நோட்டில் குறித்து வை. பிசியோவிடம் கூச்சப்படாமல் சொல். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களில் சிலருக்கு மாதக்கணக்கில் வராமல் நின்றுவிடும். "நல்லதுதான், தொல்லை விட்டது" என்று சந்தோஷப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்று உடம்பு தருகிற எச்சரிக்கை அது. கவனிக்காமல் விட்டால் எலும்பு வலுவிழந்து விரிசல் விடும். உடனே மருத்துவரைப் பார். இரும்புச் சத்தையும் பரிசோதித்துக்கொள். மெலிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவேளைச் சாப்பாட்டைக்கூடக் குறைக்காதே. முட்டை, பருப்பு, கீரை, மீன், சோறு எல்லாம் உன் தொழில் கருவிகள்.

பணத்தைப் பற்றிப் பேச நம் வீடுகளில் தயங்குவார்கள். நான் தயங்கமாட்டேன். பெண்களுக்குக் கிரிக்கெட் வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தம் முதன்முதலாக வந்தது 2015இல். ஆண்களுக்கு நிகரான சர்வதேச ஆட்ட ஊதியத்தை, அதாவது டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம் என்று, 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். 2023இல் லீக்கின் முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா 3.40 கோடிக்குப் போனார். 2024 டிசம்பரில் நம் மதுரைப் பெண் கமலினியை 16 வயதில் மும்பை 1.60 கோடிக்கு எடுத்தது. மாநில சீனியர் அணியில் ஆடுகிறவளுக்கு நாளொன்றுக்கு 20,000 ரூபாயாக இருந்த ஊதியம் 2025 டிசம்பரில் 50,000 ஆக உயர்ந்தது.

பத்திரிகையில் வருகிற கோடிகளை வைத்து உன் வாழ்க்கைக்குத் திட்டம் போடாதே. அந்த நாள் ஊதியத்தை வைத்துப் போடு. பதினொருவரில் இடம் கிடைத்த நாளுக்குத்தான் அது முழுதாக வரும். சீசன் முடிந்தால் மாதக்கணக்கில் வரவு இல்லை. அதனால்தான் பரீட்சைக்குப் படி என்றேன். பட்டப்படிப்பை எக்காரணம் கொண்டும் பாதியில் விடாதே. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, வங்கி என்று எங்கே இடம் வந்தாலும் விண்ணப்பம் போடு. இந்திய அணியின் பல தலைமுறைப் பெண்கள் ரயில்வே சம்பளத்தில்தான் ஆடினார்கள். மிதாலி ராஜுக்கும் அந்த வேலைதான் கைகொடுத்தது. மாதச் சம்பளம் இருக்கிற பெண்ணிடம் "போதும், கல்யாணம் பண்ணிக்கோ" என்று வீட்டில் சொல்லுகிற குரலும் கொஞ்சம் இறங்கும். ஏஜென்ட் யாராவது காகிதம் நீட்டினால் மூன்று கேள்வி கேள்: எத்தனை ஆண்டு, வருமானத்தில் எவ்வளவு பங்கு, பிடிக்காவிட்டால் விலகுவது எப்படி. அந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராமல் கையெழுத்துப் போடாதே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அணியில் இடம் தருவதைக் காரணமாக்கி யாராவது உன்னைத் தனியாக வரச்சொன்னால், தகாத செய்தி அனுப்பினால், அன்றே வீட்டில் சொல், எனக்கும் சொல், செய்தியை அழிக்காமல் வை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி உள் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பேசினால் இடம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். பேசிய பெண்ணோடு நிற்பது எங்களைப் போன்ற மூத்தவர்களின் கடமை. நான் நிற்பேன்.

கடைசியாக, உனக்கு முன்னால் ஆடியவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள். 1976இல் பெங்களூரில் சாந்தா ரங்கசாமியின் தலைமையில் இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடினார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் பயணம், கூடத்தில் வரிசையாகப் படுக்கை என்றிருந்த காலம் அது. நம் சென்னையின் சுதா ஷா அந்தத் தலைமுறையில் தொடங்கி 21 டெஸ்ட் ஆடினார், பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். திருஷ் காமினி 2013இல் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சதமடித்தார். உலகக் கோப்பையில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம் அது. 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192 ரன் அடித்தார். அதற்கு அடுத்த டெஸ்டை இந்தியா ஆடியது 2021இல், ஏழு ஆண்டுகள் கழித்து. 192 அடித்த காமினிக்கு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவே இல்லை. அவர் ஆட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆடுவதற்கு டெஸ்டே வைக்கவில்லை.

2024 ஜூனில் அதே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தது. ஷஃபாலி 205, மந்தனா 149, இந்தியா 6 விக்கெட்டுக்கு 603. மகளிர் டெஸ்டில் ஓர் அணி 600ஐத் தாண்டியது அதுதான் முதல் முறை. முதல் இன்னிங்ஸில் 77 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தது யார் தெரியுமா? அதே ஸ்னே ராணா. நம் ஊர் ஆடுகளத்தில், உன் வகைப் பந்தில்.

காமினிக்குக் கிடைக்காத ஆட்டங்கள் உனக்கு இருக்கின்றன. சுதா ஷாவுக்குக் கிடைக்காத ஊதியம் இருக்கிறது. அவர்கள் எவரிடமும் ஏலத்தொகை இல்லை, ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. உன்னைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் வேலை தேர்வாளர்களுடையது, அதை நீ செய்யாதே. ஒருநாள் கோப்பைக்கான முகாம் தொடங்குவதற்குள் முழங்கால் பயிற்சியை ஒழுங்குபடுத்து, உன் எடைப் பந்தில் தினமும் வீசு, பேட்டிங் முறையைக் கேட்டு வாங்கு. முகாமில் கேப்டனிடம் போய், பத்து ஓவரையும் எனக்குத் தாருங்கள் என்று நேராகச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா