அடைக்கோழியைத் தண்ணீரில் முக்காதீர்கள்

தம்பானூரில் மழை வலுத்தால் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த சங்கதி. கொல்லையில் கோழி வைத்திருப்பவர்கள் கூண்டைத் தரையிலிருந்து இரண்டடியாவது உயர்த்திக் கட்டுங்கள். ஈரத்தில் ரத்தக் கழிச்சல் சுலபமாகப் பரவும்.

கோழி முட்டையை நிறுத்திவிட்டு, இடத்தைவிட்டு எழாமல், கிட்டே போனால் உறுமிக்கொண்டு கொத்த வருகிறதா? அடைக்கு வந்துவிட்டது. தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் பழைய வழக்கம், வெறும் வதை. வைக்கோல் போடாமல், அடியில் கம்பிவலை மட்டும் உள்ள கூண்டில் மூன்று நான்கு நாள் விடுங்கள். தீனி, தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். அடிவயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்தால் அடை தெளியும். மறுபடி முட்டையிட இன்னும் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு, ஆஸ்திரலார்ப்பையும் வெள்ளை லெகார்னையும் கலந்து மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமலட்சுமி ஏற்றது. அதற்கு அடைக் குணம் குறைவு.

தோல்முட்டை வந்தால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி தானே தின்னும். முட்டையைக் கொத்திக் குடிக்கும் கோழியா? இட்டதும் எடுத்துவிடுங்கள். இறகு உதிரும் காலத்தில் முட்டை நிற்பது இயல்பு, மருந்து வேண்டாம்.

சேவலும் அவசியமில்லை. அது இல்லாமலே முட்டை வரும், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கமும் கெடாது.