பழைய டீசல் வண்டியா? ரேடியேட்டரைக் கவனியுங்கள்

வெளியே எங்கும் ஒழுகாமலேயே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், முதலில் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருந்து, எரியும் வாயுவும் ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிடாமல் தடுப்பது இந்தத் தகடுதான். டீசல் எஞ்சினில் அழுத்தம் மிக அதிகம். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலே ஹெட் வளைந்து கேஸ்கெட் விட்டுக்கொடுத்துவிடலாம்.

ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங்குகளும் போய்விடும்.

ரேடியேட்டரில் ஊற்றும் வெறும் குழாய்த் தண்ணீர் துருவையும் உப்பையும் சேர்க்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். தளர்ந்த ஃபேன் பெல்ட், பழுதான தெர்மோஸ்டாட், ரப்பர் தேய்ந்த ரேடியேட்டர் மூடி, மூன்றுமே எஞ்சினைச் சூடேற்றிவிடும்; சில நூறு ரூபாய் செலவுக்காக அலட்சியம் செய்யாதீர்கள். வெப்பநிலை காட்டும் முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். கொதிக்கும்போது மூடியைத் திறக்கவோ பச்சைத் தண்ணீர் ஊற்றவோ கூடாது.

கேஸ்கெட் மாற்றும்போது ஹெட்டை லேத் பட்டறையில் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக இறுக்க வேண்டும்.