டம்ளரை யார் கழுவுவது?

அலுவலகத்தில் குப்பையைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சுவரில் வாசகம் ஒட்டுவதில்தான் தொடங்குவார்கள். அது வேண்டாம். ஒரு நாள் மாலை, காலி செய்வதற்கு முன் குப்பைத்தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். மேலே குவிந்து கிடப்பது டீ குடித்த காகிதக் கப். 40 பேர், நாளுக்கு 2 டீ, மாதம் 25 வேலை நாள் என்றால் 2,000 கப். வருடத்துக்கு 24,000.

காகிதம்தானே, மக்கிவிடும் என்று விட்டுவிட முடியாது. டீ ஊறிவிடாமலிருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. ஆகவே நிர்வாகத்திடம் தயங்காமல் பேசலாம். போகும்போது கடந்த 3 மாதக் கப் ரசீதுகளைக் கையில் வைத்திருங்கள்.

மாற்று எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எவர்சில்வர் டம்ளர். ஆனால் கழுவும் வேலை முழுக்கத் துப்புரவு அக்காவின் தலையில் விழுந்தால், சம்பளம் கூடாமல் வேலை மட்டும் கூடும். அது அநியாயம். அப்படித் தொடங்கும் திட்டம் நிலைக்கவும் நிலைக்காது. குடித்தவரே கழுவ வேண்டும், மேனேஜரும்தான். இதை முதலிலேயே பேசி முடியுங்கள். குழாயடியில் சோப்பு, நார், கவிழ்த்து வைக்க ஒரு கூடை போதும். விருந்தினருக்கென 10 டம்ளர் தனியாக இருக்கட்டும். தன் டம்ளரை மறந்து வந்தவருக்கும் அதிலிருந்தே கொடுங்கள். கப் வாங்குவதை அடியோடு நிறுத்துங்கள். அலமாரியில் ஒரு கட்டு இருந்தாலும் கை அங்கேதான் போகும்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரா? உங்கள் வரிசையில் இருக்கும் 5 பேரோடு தொடங்குங்கள்.

அடுத்து, மேசைக்கடியில் இருக்கும் தொட்டி. அதில் காகிதம் மட்டும் விழட்டும். சாம்பார் பட்ட காகிதத்தைப் பழைய பேப்பர்காரர் தொடமாட்டார். ஈரக் குப்பைக்குச் சாப்பிடும் இடத்தில் மட்டும் ஒரு தொட்டி வையுங்கள். பழைய பேட்டரி, சார்ஜர் இந்த இரு தொட்டிகளிலும் சேராது. தனி டப்பா வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஓட்டல் பார்சலா? பையில் டிபன் பாக்ஸ் இருக்கிறதே, இட்லிக்கு அது போதும். சாம்பாருக்கும் சட்னிக்கும் சின்னத் தூக்கு இரண்டு காலையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஆர்டர் சொல்லும்போதே பாத்திரத்தையும் நீட்டுங்கள். பல கடைகளில் சாம்பாரையும் சட்னியையும் கவரில் கட்டி முன்பே அடுக்கி வைத்திருப்பார்கள்.