தகட்டை வளைக்குங் கணக்கு

காகிதத்திற் பெட்டி செய்தறியாத சிறுவர் இலர். அடியின் அகலத்தோடு இருபக்கத்து உயரங்களையுங் கூட்டி, அவ்வளவில் நறுக்கி மடித்தாற் பெட்டி பிழையின்றி அமையும். அக்கணக்கையே இரும்புத் தகட்டிற்குக் கொண்டால் பெட்டி அளவுக்கு அமையாது. காரணம் யாதெனின், காகிதம் மடிகின்றது; தகடோ வளைகின்றது.

1930களின் தொடக்கத்திற் பைக்காரா மின்சாரம் கொங்கு நாட்டை எட்டியபின், கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார்ப் பம்புகள் அமைந்தன. மோட்டாருக்கு ஸ்டார்ட்டரும், ஸ்டார்ட்டருக்குத் தகட்டுப் பெட்டியும் வேண்டுமன்றோ? இன்று கோவையிற் கணபதி, குறிச்சி முதலிய இடங்களிற் பட்டறைகள் மிகப் பல. ஐம்பது பெட்டிகளுக்குத் தகடு நறுக்கிய பின்னர்க் கதவு சாத்தவில்லை, துளைகள் நேர்படவில்லை என்று தெரியவந்தால், சிறு பட்டறைக்கு அவ்வேலையின் ஊதியமே போயிற்று. குறைய நறுக்கிய தகட்டை நீட்டுவார் யார்?

தகடு வளையுங்கால் அதன் வெளிப்புறம் இழுபட்டு நீள்கின்றது. உட்புறம் நெருங்கிக் குறுகுகின்றது. இடையே நீளாமலுங் குறுகாமலும் நிற்பதொரு படலம் உண்டு. பகையும் நட்பும் இல்லாதாரை நொதுமலர் என்பது பழைய வழக்காதலின், இதனை நொதுமற் படலம் என்போம். தகட்டின் உண்மை நீளம் இப்படலத்தின் நீளமே. இது சரிபாதிக் கனத்தில் நிற்குமென்று எண்ணுதல் இயல்பு. ஆனால் கூர்மையாக வளைக்குந்தோறும் இது உட்புறம் நோக்கி நகர்கின்றது. உட்புறத்திலிருந்து கனத்தில் 0.33 முதல் 0.5 பங்கு வரையில் இது நிற்குமென்பது பொதுவான அளவு.

2 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு, வளைவின் உள்ளாரம் 2, கோணம் 90 பாகை, பங்கு 0.4 எனக் கொள்வோம். நொதுமற் படலத்தின் ஆரம் 2 + 0.8 = 2.8. வட்டத்தின் காற்பகுதியாதலின் 1.5708 ஆற் பெருக்க, வளைவின் நீளம் 4.4. வெளியளவாக அடி 200, பக்கங்கள் 100, 100 உள்ள ஒரு பெட்டியுடலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வளைவின் இருபுறத்தும் ஆரமுங் கனமுஞ் சேர்ந்த 4 கழியும். எஞ்சும் நேர்ப்பகுதிகள் 96, 192, 96, கூட்ட 384. இரு வளைவுகளுக்கு 8.8 சேர்க்க, நறுக்கவேண்டிய நீளம் 392.8. வெளியளவைக் கூட்டி 400 என நறுக்கினவர் 7.2 மிகையாகவும், உள்ளளவைக் கூட்டி 392 என நறுக்கினவர் 0.8 குறைவாகவும் நறுக்கினவராவர்.

இனி, 0.4 என்னும் பங்கை எங்ஙனம் அறிவது? புத்தகத்து அட்டவணையினும் தகட்டையே கேட்பது நன்று. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டொன்றை நறுக்கி, வேலைக்குரிய அச்சிலேயே 90 பாகை வளைத்து, இரு கைகளின் வெளியளவையுங் கூட்டிப் பார்க்க வேண்டும். 103.6 வந்தால் வளைவொன்றுக்குக் கழிக்கவேண்டியது 3.6. சூத்திரமே வேண்டா. ஆயின் அவ்வளவு அத்தகட்டிற்கும் அவ்வச்சிற்குமே உரியது. பெண்டிங் இயந்திரத்தின் வி வடிவக் கீழச்சில், தகட்டை அச்சின் அடியில் அழுத்தாமல் வளைக்கும்போது, உள்ளாரத்தைப் பெரும்பாலும் பள்ளத்தின் அகலமே தீர்மானிக்கின்றது. மென்னிரும்பில் அஃது ஏறத்தாழ அகலத்தில் ஆறிலொரு பங்கு. வரைபடத்தில் 2 என்றெழுதிவிட்டு அகன்ற பள்ளத்தில் வளைத்தால், காகிதத்துக் கணக்கு காகிதத்திலேயே நிற்கும். துருப்பிடியா எஃகோ வளைத்துவிட்டபின் மென்னிரும்பினும் மிகுதியாக நிமிர்வது. அதற்குச் சோதனைத் துண்டு தனியே வேண்டும்.