நித்தியகல்யாணி: இலையில் ஒரு மருந்து, வேரில் ஒரு மருந்து

நித்தியகல்யாணியில் ஆடு, மாடு வாய் வைக்காது. அதனாலேயே வேலி இல்லாத மானாவாரி நிலத்திலும் தப்பி நிற்கும். தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களில் இதைப் பயிராகவே போடுறாங்க. ஆடு ஒதுக்குவதும் மருந்துக் கம்பெனி வாங்குவதும் ஒரே பொருளுக்காகத்தான்: ஆல்கலாய்டு. செடி எழுந்து ஓட முடியாது. தின்ன வருகிற புழுவுக்கு எதிராக அது செய்துகொள்ளும் கசப்பு நஞ்சு இது. நமக்காகச் செய்த மருந்து இல்லைங்க.

எப்படிச் செய்கிறது?

வேர் உறிஞ்சுகிற தழைச்சத்தைக் கொண்டு செடி அமினோ அமிலங்களைத் தயாரிக்கிறது. அதில் ஒன்று டிரிப்டோபான். இலை நரம்பை ஒட்டிய செல்களில் இன்னொரு கசப்புப் பொருளுக்கான வேலை தொடங்கும். இலையின் மேல்தோலில் இந்த இரண்டு வழியும் சேர்ந்து ஸ்ட்ரிக்டோசிடின் பிறக்கிறது. இந்தச் செடியின் 100-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளுக்கு அதுதான் தாய். அதை செல்லின் ஒரு அறையிலும், அதை உடைக்கும் நொதியை வேறு அறையிலும் செடி பிரித்து வைத்திருக்கிறது. புழு கடித்தால் இரண்டும் கலந்து நஞ்சு வெளிப்படும்.

அடுத்து, கேத்தரந்தின் இலையின் மேல் மெழுகுக்கு வந்துவிடும். விண்டோலின் இலைக்கு உள்ளேயே, வெளிச்சத்தின் துணையோடு முழுமையாகும். இரண்டும் இணைந்தால்தான் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின். தனித்தனி இடத்தில் இருப்பதால் இணைவது மிகக் கொஞ்சம். 1 கிராம் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேணும். வேரில் விண்டோலின் கிடையாது. அங்கே இருப்பது இரத்த ஓட்டத்துக்கான மருந்தாகும் அஜ்மலிசின்.

அறுவடையில் கவனிக்க

6-ஆம் மாதமும் 9-ஆம் மாதமும் இலை பறிக்கலாம். 12-ஆம் மாதம் தரைக்கு மேல் 7.5 செ.மீ. விட்டு செடியை வெட்டி, பிறகு உழுது வேரை எடுக்கணும். இலையும் வேரும் வேற வேற மருந்துக்குப் போவதால் தனித்தனியாக நிழலில் காய வைத்து, தனித்தனி மூட்டையாகக் கட்டுங்க.

சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னு இந்த இலையை அரைச்சுக் குடிக்கிறவங்க உண்டு. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஊசி போட்ட எலிகளுக்கு இரத்தத்தின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்த வழியில்தான் வின்பிளாஸ்டினே கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர் அளந்து ஏற்றுகிற மருந்து இது. வீட்டில் அரைத்துக் குடிக்க வேண்டாம். இலை பறித்தபின் கையைக் கழுவுங்க, கழிவு இலையை மாட்டுத் தொட்டியில் போடாதீங்க.