கடற்கரையில் எங்கே தங்குவது?

அன்புள்ள மகனுக்கு,

கல்யாண அமளியெல்லாம் ஓய்ந்த பிறகு மருமகளுடன் கடற்கரையூர் ஒன்றில் நான்கு நாள் தங்கிவர உத்தேசித்திருப்பதாகவும், கன்னியாகுமரியா, மாமல்லபுரமா, தரங்கம்பாடியா என்று நிச்சயிக்க இயலவில்லை என்றும் நீ எழுதியிருந்ததை வாசித்து மிக்க சந்தோஷமடைந்தேன். எந்த ஊர் என்று யோசிக்கிற அளவுக்கு, அந்த ஊரில் எங்கே தங்குவது என்று நம்மவர் யோசிப்பதில்லை. ஆனால், புதிதாக இல்லறம் தொடங்கியவர்களுக்குப் பார்த்துவந்த இடங்களைவிட, அவசரமின்றிச் சேர்ந்து உட்கார்ந்து பேசிய பொழுதே பெரிது. ஆகையால், வாகனத்தை எதிர்பாராமல் காலையும் மாலையும் கடலுக்கு நடந்தே போய்வரக்கூடிய, சந்தடி குறைந்த ஓரிடத்தில் நான்கு நாளும் தங்குவதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கன்னியாகுமரியின் மகிமையை நான் மறுக்கவில்லை. சூரியோதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒரே ஊரில் நின்று தரிசிக்கும் பாக்கியமும், 1970-இல் எழுந்த விவேகானந்தர் மண்டபமும், 133 அடி உயர வள்ளுவர் சிலையும் யாரையும் ஈர்க்கக்கூடியவையே. எனினும், கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை யாத்திரிகர்கள் திரள்திரளாக வந்து இறங்கும்போது, விடியுமுன்பே விடுதியின் மொட்டைமாடிக்கு ஏறும் காலடியோசையும், மண்டபத்துக்குச் செல்லும் படகுக்கு நிற்கும் நீண்ட வரிசையும் ஏகாந்தத்துக்கு இடம் கொடா. மாமல்லபுரமோ சென்னைக்குச் சமீபமாதலால், சனி, ஞாயிறுகளில் ஜனநெருக்கமும் வாடகையும் ஒருங்கே ஏறிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து ஆடம்பர விடுதிகளில் சௌகரியங்களுக்குக் குறைவில்லை. ஆனால் கடற்கரைக் கோயிலைக் காணவும், கல்தச்சர் உளி பிடிப்பதைப் பார்க்கவும் அங்கிருந்து ஒவ்வொரு முறையும் வண்டி தேடவேண்டும்.

தரங்கம்பாடிதான் என் மனத்துக்கு உகந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனபின், துறைமுக வியாபாரம் ஒடுங்கி ஊர் அமைதியில் ஆழ்ந்தது. அந்த அமைதியே இன்று உங்களுக்கு வேண்டியது. ஊரின் பழைய நுழைவாயிலைக் கடந்து நேரே நடந்தால், 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் தேவாலயத்தையும், தூண் வைத்த தாழ்வாரங்களையுடைய பழைய வீடுகளையும் தாண்டிச் சற்று நேரத்தில் கடலுக்கு வந்துவிடுவீர்கள். பாண்டியர் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் கரையோரத்திலேயே இருக்கிறது. அதன் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. ஒருநாள் காலையில் திருக்கடையூர் சென்று அபிராமியைத் தரிசித்து மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். மயிலாடுதுறை வரை ரயிலும், அங்கிருந்து பஸ்ஸும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் அங்கே அடைமழையும் புயலும் வரும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் கடற்காற்று எழும்வரை வெப்பம் வாட்டும். தை, மாசியே தக்க காலம். ஊரில் விடுதிகள் சிலவேயாதலால் முன்கூட்டியே எழுதி அறையை உறுதி செய்துகொள். முன்பணம் கட்டுமுன் சிலவற்றை நிச்சயமாக விசாரி: குளியலறையில் நல்ல தண்ணீர் வருகிறதா, உப்புத் தண்ணீரா, இரவு எத்தனை மணிவரை சாப்பாடு கிடைக்கும், மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா, ஜன்னலைத் திறந்தால் கடல் முழுவதும் தெரியுமா, இரு சுவர்களுக்கிடையே கீற்றாகத் தெரியுமா. போய்ச் சேர்ந்ததும் ஜன்னலின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார். உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். அதைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்திருக்கிறவர் மற்றவற்றையும் ஒழுங்காகவே வைத்திருப்பார். கிழக்குப் பார்த்த அறையானால் உதயத்தைப் படுக்கையிலிருந்தே காணலாம். பிற்பகல் தாழ்வாரத்தில் நிழலும் இருக்கும். கடலில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோழமண்டலக் கரையின் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. விடுதியைத் தேர்ந்தெடுப்பது ஆண்பிள்ளையின் காரியம், பெண் உடன்வந்தால் போதும் என்ற பழைய வழக்கத்தை விட்டுவிடு. அறையின் தனிமை, குளியலறையின் சுத்தம், ஆகாரத்தின் பக்குவம் ஆகியவற்றில் நேரும் குறை உன்னைவிட அவளையே அதிகம் வருத்தும். புதிதாக வந்தவளாதலால் அதை வாய்விட்டுச் சொல்லவும் கூசுவாள். ஆகவே இக்கடிதத்தை மருமகளிடம் கொடுத்து, அவள் விருப்பத்தைக் கேட்ட பிறகே பணம் அனுப்பு. அவள் வேறோர் ஊரைச் சொன்னால், நான் எழுதியதை ஒதுக்கிவிட்டு அங்கேயே போங்கள். ஆனால் அங்கும் கடலுக்கு நடந்துபோகும் தூரத்திலேயே அறை பாருங்கள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் பெரியப்பா