பெயர்ப் பதிவும் பொறுப்பும்: தரவுத்தள நிர்வாகத்தின் அடிப்படைப் பாடம்



இடம்பெயர்ந்தபோது நாம் எவற்றை எடுத்துக்கொண்டு ஓடினோம்? பிள்ளைகள், ஒரு சட்டி, ஒரு பாய், பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி. அந்தப் பையை வழியில் தொலைத்தவர்கள் நம்மிடையே பலர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடலும், 2009இல் முடிந்த போரும் எத்தனையோ வீடுகளின் கடதாசிகளைக் கொண்டுபோயின. தன் காணியைத் தன்னுடையதென்று காட்ட ஒரு துண்டும் இல்லாமல் நிற்பதன் துன்பத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதனாற்றான் சங்கங்கள் அங்கத்தவர் விபரங்களைக் கணனியில் பதிகின்றன. ஒழுங்குபடுத்திச் சேர்த்துவைத்த விபரத் தொகுதியே தரவுத்தளம். அதைப் பிழையின்றியும் பத்திரமாகவும் காப்பதே தரவுத்தள நிர்வாகம். கணனியைத் தொடாதவரும் இதன் அடிப்படைகளை விளங்கிக்கொள்ளலாம்.

1. ஒரு விபரம், ஓரிடம்

ஒருவரின் முகவரி நிவாரணக் கொப்பி, கடன் கொப்பி, விதைநெல் கொப்பி ஆகிய மூன்றிலும் இருக்கிறதென்று வைப்போம். அவர் வேறு முகாமுக்குப் போகிறார். ஒரு கொப்பியில் மட்டும் திருத்துகிறோம். இனி எது சரி, எது பிழை? 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த எட்கர் கொட் என்பவர் இதற்கு வழி காட்டினார். குடும்பம், ஆள், காணி என அட்டவணைகளைத் தனித்தனியே வைத்து, இலக்கத்தால் இணைக்கவேண்டும். முகவரி குடும்ப அட்டவணையில் மட்டும் இருக்கும். ஒருமுறை திருத்தினாற் போதும்.

காணி அட்டவணையில் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தின் தொகுதி, பக்க இலக்கம் ஆகியவற்றைப் பதியுங்கள். நமது பதிவு உறுதிக்கு ஈடாகாது. ஆனால், பதியப்பட்ட உறுதி தொலைந்தால் பதிவகத்தில் பிரதி கேட்க இந்த இலக்கங்கள் உதவும். பரப்பளவை ஒரே அளவையில் எழுதுங்கள். ஒருவர் அரை ஏக்கர் என்றும் மற்றவர் எட்டுப் பரப்பு என்றும் எழுதினால் கணனி அவற்றை ஒன்றென அறியாது.

2. ஆளுக்கோர் இலக்கம்

ஒரே கிராமத்தில் ஐந்து அந்தோனிகள் இருப்பார்கள். பெயரை மட்டும் நம்பினால் ஒருவரின் காணி மற்றவரின் பெயரில் ஏறிவிடும். அடையாள அட்டை இலக்கம் போதாதா என்று கேட்பீர்கள். சிறு பிள்ளைகளுக்கு அது இல்லை. 2016 முதல் 12 இலக்க அட்டை வந்ததால், சிலருக்குப் பழையதும் புதியதும் என இரண்டு இலக்கங்கள் உண்டு. ஆகவே சங்கமே ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கவேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை, அவர் இறந்தாலும் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது.

3. இரண்டும் நடக்கவேண்டும், இல்லையேல் இரண்டும் நடக்கக்கூடாது

சுழற்சி நிதியிலிருந்து 25,000 ரூபா கடன் கொடுக்கிறோம். நிதியில் கழிக்கவேண்டும், வாங்கியவர் கணக்கில் ஏற்றவேண்டும். இடையில் மின்சாரம் நின்றால்? பாதி எழுதிய கணக்கு பொய்க்கணக்கு. நல்ல தரவுத்தளம் இரண்டையும் ஒரே செயலாகக் கொள்ளும். முடியாவிட்டால் முன்பிருந்த நிலைக்கே திரும்பும்.

4. பார்ப்பவர் யார், மாற்றுபவர் யார்

பெயர்ப்பட்டியல் தவறான கையிற் சேர்ந்தால் என்ன நடக்குமென்று நமது மக்கள் அனுபவித்து அறிந்தவர்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஓர் இலக்கமே இவ்வளவு சொல்லுமானால், முழுப் பதிவும் எவ்வளவு சொல்லும்! ஆகவே தேவையற்றதைக் கேட்டுப் பதியாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதி மட்டும் போதும். கடவுச்சொல்லை இருவர் பகிரக்கூடாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற குறிப்பும் தானாகவே பதியப்படவேண்டும். செயலாளரானாலும் குருவானாலும் விதிவிலக்கில்லை.

5. விதைநெல்லைப் போலப் பிரதி

விளைச்சல் முழுவதையும் ஒரே கொட்டிலில் வைப்பவர் விவசாயி அல்லர். பதிவுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்று வேறு ஊரில் இருக்கவேண்டும். வெளியே போகும் பிரதியைக் கடவுச்சொல்லாற் பூட்டுங்கள். விதைநெல்லை முளைக்கவைத்துப் பார்ப்பதுபோல, மாதம் ஒருமுறை பிரதியை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பவேண்டாம்.

நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று நற்செய்தி சொல்கிறது. பெயரைச் சரியாக எழுதுவதும், அதைக் காட்டிக்கொடுக்காமல் காப்பதும் அந்த அழைத்தலின் ஒரு பகுதியே.

குழுவில் கலந்துரையாட:

1. உங்கள் சங்கப் பதிவில் உங்கள் குடும்ப விபரம் சரியா? கேட்டுப் பார்த்தீர்களா?
2. அதைப் பார்க்கக்கூடியவர்கள் யார் யார்?
3. சங்கக் கட்டடம் இன்றிரவு எரிந்தால், நாளை காலையில் எது மிஞ்சும்?